கோணல் ரிவிட்டும் நாற்பது தலைக்கவசங்களும்

எங்கள் படையணியின் தலைவர் டாக்டர் ரனியேரி எனக்கு இரண்டாயிரத்து இருநூறு யூரோ கடன்பட்டிருந்தார். நான்கு தலைக்கவசம், ஒன்று ஐந்நூற்றைம்பது. நான் என் கையால் அடித்துச் செய்த நான்கு. கணக்கு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கே விரல் மடக்காமல் வருகிற கணக்கு. பட்டம் வாங்கிய அவருக்குத்தான் பதினான்கு மாதமாக வரவில்லை.

அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ரோமில் கழுத்தில் டை கட்டி நாலு காகிதத்தைக் கக்கத்தில் வைத்திருக்கிற எவனையும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். இவருக்குத் தொழில், காப்பீட்டுக் கம்பெனிக்காக மோதின கார்களின் நஷ்டத்தை மதிப்பிடுவது. அந்த ரகத்து ஆட்களை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். பேனா முனையால் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு இவ்வளவு ஆகாதே மேஸ்திரி" என்பார்கள். சுத்தியலை ஒருமுறை தூக்கிப் பார்த்தவன் அவர்களில் ஒருத்தன் கிடையாது.

நான் தூக்கினேன். பத்து வயதில் தூக்கினேன். எர்கோலே மஞ்சினெல்லி என்று துஸ்கொலானா சாலையில் இன்றைக்கும் எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்பா இல்லாத வீடு, குவாத்ராரோவில் ஒற்றை அறை, ஐந்து பேர். டிங்கரிங் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். முதல் வருஷம் சம்பளம் மதிய ரொட்டி. இருபத்தாறு வயதில் அதே சாலையில் சொந்தப் பட்டறை போட்டேன், ஒருத்தன் கையெழுத்தும் ஜாமீனும் இல்லாமல். இரண்டு மகள்களைப் படிக்கவைத்தேன். வீடு வாங்கினேன். என் பட்டறைக்கு வந்த காரில் பட்டி வைத்து மெழுகினது கிடையாது. பள்ளம் விழுந்தால் பின்பக்கத்திலிருந்து தட்டித் தட்டி எடுப்பேன். ஒரு தூதரகத்துக் கறுப்புக் காரின் கதவை, பெயிண்டுகூட உதிராமல், நேராக்கிக் கொடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைத் தடவினால், காகிதக் கனம் மேடு இருந்தாலும் எனக்குத் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஏன் சொல்லக் கூடாது?

அறுபத்துமூன்று வயதில் பட்டறையை மூடினேன். வீட்டில் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் என் மனைவி யோலே, "நீ எங்கயாவது போயித் தொலையேன். இந்த வீட்டுல ஆணியடிக்க இனிமே சுவரு இல்ல" என்றாள். அப்போதுதான் துய்லியோ என்னைப் படையணிக்கு இழுத்துப்போனான். துய்லியோ டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அப்பியா சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அறுபது எழுபது பேர் கூடி, முட்டிக்கு மேல் சட்டையும் தோல் செருப்பும் கவசமும் மாட்டிக்கொண்டு, ரோமாபுரிச் சிப்பாய்களாக நடை பழகுவார்கள். ஏப்ரல் இருபத்தொன்று ஊர் பிறந்த நாள், அன்றைக்கு ஊர்வலம். தபால்காரன், நர்ஸ், மீன் விற்கிறவன், எல்லாரும் உண்டு. துய்லியோ கழுகுக் கொடி பிடிப்பான். ஒரு பயல் சிரிப்பதில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் தலையில் வைத்திருந்ததுதான் பிடிக்கவில்லை.

"இது என்னடா, பாஸ்தா வேக வெக்கிற சட்டியா?" என்றேன்.

"நீ பெரிய புடுங்கின்னா நீ செஞ்சு காட்டேன்" என்றான் துய்லியோ.

அவ்வளவுதான் அவன் சொன்னது. மறுவாரம் ரயிலேறி வடக்கே போனேன். அங்கே ஓர் ஆற்றங்கரை ஊரின் அருங்காட்சியகத்தில், ஆற்று மணலில் கிடைத்த நிஜமான இரும்புத் தலைக்கவசம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. காலையிலிருந்து நாலு மணி நேரம் சுற்றிச் சுற்றி நின்றேன். காவல்காரன் திருடன் என்றே முடிவுகட்டிவிட்டான். அளவு நாடா எடுக்கவில்லை, கண்ணாலேயே அளந்தேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் சுத்தியலை எந்தக் கையில் பிடித்தான் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. இடது கை. அடி விழுந்த வாட்டம் சொல்லும். கூடவே நின்ற ஒரு பேராசிரியர் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நான் பொருளைப் படித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற அறையில் வேலையைத் தொடங்கினேன். ஒன்றரை மில்லி இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, குழி தோண்டின அடிமரத்தின் மேல் வைத்து, உள்பக்கமாக அடிக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அடிக்க அடிக்கத் தகடு கிண்ணமாகும். சில சுற்றுக்கு ஒருமுறை அது முறுக்கிக்கொள்ளும். அப்போது குரல் மாறும். மந்தமாக ஒலித்தது கணீரென்று கேட்கும். உடனே நிறுத்தி, தகட்டைச் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டுவிட்டுத்தான் மறுபடி அடிக்க வேண்டும். பிடரியை மூடுகிற பகுதியை வளைத்து இறக்குகிறபோது இரட்டிப்புப் பொறுமை வேண்டும். அங்கேதான் தகடு மெலியும்.

இனி நான் எழுதப்போவதைப் பதினோரு வருஷம் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

பிடரியை வளைத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, ரோமாவுக்கும் லாட்ஸியோவுக்கும் கால்பந்து ஆட்டம். பக்கத்தில் வானொலி அலறிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ரோமாவைத் தவிர வேறு பெயரைச் சொன்னால் சோறு கிடைக்காது. ஒன்றுக்கு ஒன்று, முடிய இரண்டு நிமிஷம். தகடு கணீரென்று கேட்க ஆரம்பித்துவிட்டது, எனக்கும் காது இருக்கிறது, கேட்டது. நிறுத்திக் காய்ச்சியிருக்க வேண்டும். ஆட்டம் முடியட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். லாட்ஸியோ கோல் போட்டான். என் கை என்னைக் கேட்காமல் ஓங்கி இறங்கியது. வலது காதுக்குப் பின்னால் விரல் நீளத்துக்குத் தகட்டில் விரிசல் விழுந்துவிட்டது.

ஆறு வார உழைப்பு. தூக்கி எறிய மனசில்லை. ஆறின கோபத்தோடும் ஆறாத கோபத்தோடும் ஒரு பித்தளைத் துண்டை அத்தி இலை மாதிரி வெட்டி விரிசலின் மேல் வைத்து, ஐந்து ரிவிட் அடித்தேன். மூன்றாவதுக்குத் துளை போடுகையில் டிரில் வழுக்கியது. அந்த ரிவிட் வரிசையை விட்டு வெளியே கோணலாக நின்றது.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு எடுத்துப்போனேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். துய்லியோ அதைக் கையில் வாங்கி, திருப்பி, "இது என்னடா ஒட்டு?" என்றான்.

எழுபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "அருங்காட்சியகத்துல இருக்கறதுலயும் அப்படித்தான். எவனோ வெட்டினதுக்குப் போட்ட ஒட்டு" என்று சொல்லிவிட்டேன். அருங்காட்சியகத்தில் இருப்பதில் ஒட்டும் இல்லை, ஒரு கீறலும் இல்லை.

பொய் வாயை விட்டுப் போனால் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. டாக்டர் ரனியேரி அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால், என் தலைக்கவசத்தைக் கையில் ஏந்தி, "இதோ, எதிரியின் வாள் இறங்கின இடம்! இந்தக் கோணல் ரிவிட்டைப் பாருங்கள், போர்க்களத்தில் அவசரமாக அடித்தது!" என்று முழங்குவார். துண்டறிக்கையில் படத்தோடு அச்சடித்தார். நான் பக்கத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

பிறகு ஒருநாள், "நாள்காட்டிக்குப் படம் எடுக்கணும் மேஸ்திரி, ரெண்டு நாள் குடுங்க" என்று என்னுடையதை வாங்கிப்போனார். இரண்டு நாள் நான்கு மாதமாயிற்று. திரும்பி வந்தபோது ஒட்டின் ஓரத்திலும் ரிவிட் இடுக்கிலும் வெள்ளைத் தூள். யோலே பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். மாவு என்று நினைத்தாளாம். நானாவது யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. நாள்காட்டியும் வரவில்லை.

அதற்கடுத்த மாதம் பத்துத் தலைக்கவசத்துக்குச் சொன்னார். "ஒட்டு மட்டும் அவசியம் இருக்கணும் மேஸ்திரி. பிள்ளைங்க அதைத்தான் கேக்குதுங்க." நல்ல தகட்டின் மேல், ஒரு குறையும் இல்லாத தகட்டின் மேல், வேண்டுமென்றே ஒட்டுப் போட்டேன். அந்த வெட்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆனால் ரிவிட்டைக் கோணலாக அடிக்க என் கை ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தையும் நூல் பிடித்த மாதிரி அடித்தேன். ஒவ்வொருவன் தலையையும் கம்பளித் தொப்பி மாட்டி யோலேயின் தையல் நாடாவால் அளந்துதான் தகடு வெட்டினேன். பிடரித் தகட்டில் அவனவன் பெயரை ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தினேன், அந்தக் காலத்துச் சிப்பாய்கள் குத்தின மாதிரி. நான்கு முடித்துக் கொடுத்தேன். மீன் விற்கிறவன் ஒன்று, நர்ஸ் ஒன்று, இரண்டு தபால்காரர்கள். மாட்டிக்கொண்டு ஒரு ஊர்வலமும் போய் வந்தார்கள். பணம் கேட்டேன். வசூலாகட்டும் என்றார். மறுபடி கேட்டேன். ஆகஸ்ட் மாதம், எல்லாரும் கடற்கரையில் என்றார். மறுபடி கேட்டேன். பாக்கி ஆறை நிறுத்தி வையுங்கள் என்றார்.

இந்த வருஷம் ஊர்வலத்துக்குப் பத்து நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், துய்லியோ போன் செய்தான்.

"டேய் எர்கோலே, கொட்டகைக்கு வா. புதுசு வந்திருக்கு, நாப்பது."

"நாப்பது என்னது?"

"நீ வந்து பாரு. என்மேல கத்தாத."

போனேன். தரையெல்லாம் அட்டைப் பெட்டி. நான் படிக்கத் தெரியாத எழுத்து. நாற்பது தலைக்கவசம், கடையில் முட்டை அடுக்கின மாதிரி வரிசையாக. அச்சில் அமுக்கி எடுத்தது. ஒன்றைத் தூக்கினேன், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத எடை. கட்டைவிரலால் உச்சியை அமுக்கினேன், பொளுக்கென்று உள்ளே போய், எடுத்ததும் பொளுக்கென்று வெளியே வந்தது.

"என்ன விலை?"

"தொண்ணூத்தஞ்சு" என்றான் துய்லியோ. பிறகு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்டா" என்றான்.

"நீயுமா?"

"என் பென்ஷன் எவ்வளவுன்னு உனக்குத் தெரியாதா? தொண்ணூத்தஞ்சுக்குக் கிடைக்கிறதுக்கு நான் ஏன் ஐநூத்தம்பது குடுக்கணும்? எதிரி வாளோடயா வரப்போறான்? ரெண்டு மணி நேரம் நடக்கணும், சுற்றுலாக்காரன் படம் எடுப்பான், வீட்டுக்குப் போவேன்."

அவன் கணக்குச் சரியாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. கையிலிருந்ததை அவன்மேல் எறியலாம் என்று திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் அத்தி இலை. ஐந்து ரிவிட். மூன்றாவது கோணல்.

அடுத்ததை எடுத்தேன். அத்தி இலை, மூன்றாவது கோணல். அதற்கடுத்தது. நாற்பதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் டிரில் வழுக்கின அதே இடம், அதே அளவு. ரிவிட் இடுக்கில் இருந்த வெள்ளைத் தூள் மாவு இல்லை, அச்செடுக்கிற சாந்து என்று அங்கே நின்றபோதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அதை அமுக்கி எடுத்த தொழிலாளி யாரோ, அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. எதிரில் வைத்ததை அப்படியே செய் என்றிருப்பார்கள், கோணலைக்கூட நேராக்காமல் அப்படியே செய்திருக்கிறான். அவன் வேலைக்காரன். திருடன் வேறு ஆள்.

திருடன் அந்த நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அவருடைய மைத்துனர், சாமான் இறக்குமதி செய்கிறவர்.

"எப்படி மேஸ்திரி? பிரமாதமா இருக்கில்ல?"

"இது என்னோடது."

"உங்களோடதா?" டாக்டர் என் தோளில் கை போட்டார். "இது அருங்காட்சியகத்துல இருக்கறதோட நகல். வாள் வெட்டு, ஒட்டு, கோணல் ரிவிட், எல்லாம் அதுல இருக்கறபடி. நீங்கதானே சொன்னீங்க? நீங்களும் அதைப் பார்த்துச் செஞ்சீங்க, இவங்களும் அதைப் பார்த்துச் செஞ்சாங்க. ரெண்டாயிரம் வருஷப் பழசு யாருக்கும் சொந்தமில்லையே."

கையிலிருந்ததை வரிசையில் திரும்ப வைத்தேன்.

"அப்புறம் அந்த நாலு" என்றார். "அதுல ரிவிட் நேரா இருக்கு. அசலுக்குப் பொருந்தலை, புதுசோடயும் பொருந்தலை. ஊர்வலத்துல எல்லாம் ஒண்ணு போல இருக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உங்களுக்கே திருப்பிக் கொடுத்துடறோம். பொருளும் இல்ல, கடனும் இல்ல. கணக்குத் தீர்ந்துச்சு, இல்லையா?"

வேர்வை நாறுகிற, ஒரு வருஷம் மாட்டித் தேய்த்த நான்கு. பேனா முனையால் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கிற அதே சிரிப்பு.

சனிக்கிழமை வீட்டில் குடல் கறி. சனிக்கிழமை என்றால் குடல் கறிதான், யோலே அதில் புதினாவும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் போட்டால் நான் மூன்று தட்டுச் சாப்பிடுவேன். அன்று ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

"சொல்லிடு" என்றாள் யோலே.

"என்னத்த?"

"ஒட்டு எப்படி வந்துச்சுன்னு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியுமா? அன்னிக்கு லாட்ஸியோ கோல் போட்டப்ப நீ கத்தின கத்துல மூணாவது மாடிக்காரி எட்டிப் பார்த்தா. அதுக்கு முன்னால ஒரு சத்தம் கேட்டுச்சு, தட்டு உடைஞ்ச மாதிரி. மறுநாள் பார்த்தா ஒட்டு. பதினோரு வருஷமா வாள் வெட்டு, வாள் வெட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியற. நானும் போனாப் போகுதுன்னு விட்டேன்."

"என்னால முடியாது யோலே. எழுபது பேர் முன்னால நின்னு, எர்கோலே தகட்டைக் கிழிச்சுட்டான்னு நானே சொல்லவா? என் கையால ஒரு தப்பும் நடந்ததில்லன்னு சொல்லித்தான் நான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கேன்."

"அப்ப சொல்லாத. அந்தாளு வேர்வை நாத்தம் புடிச்ச நாலு சட்டியை உன் கையில குடுப்பாரு, வாங்கிட்டு வா. ஊரு என்ன சொல்லும் தெரியுமா? எர்கோலே அந்தத் தொழிற்சாலையைப் பார்த்துக் காப்பி அடிச்சான், அதுவும் சரியா அடிக்கலன்னு சொல்லும்."

சொல்லிவிட்டு என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடாதவனுக்குத் தட்டு எதற்கு என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகை நிறைந்திருந்தது. ஒத்திகை என்பதால் எல்லாரும் வேஷத்தில். நாற்பது பேர் தலையில் என் தப்பு. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தன் வாழ்நாளில் செய்த தப்பு ஒன்று, அது நாற்பது தலையாக முளைத்து எதிரே வரிசையில் நிற்கிறது. டாக்டர் ரனியேரி சிவப்புச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். புதுத் தலைக்கவசம், ஒழுங்கு, ரோமாபுரியின் மானம் என்றெல்லாம் பேசினார். கடைசியில் மீன் விற்கிறவன் முதலான நான்கு பேரையும் கூப்பிட்டு, என்னுடையவற்றைக் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். மீன் விற்கிறவன் மட்டும் என் முகத்தைப் பார்த்தான், "எனக்கு இதுதான் தலைக்குச் சரியா உக்காருது" என்று முனகினான்.

"மேஸ்திரி எர்கோலே பெருந்தன்மையோட இதைத் திரும்ப வாங்கிக்க ஒத்துக்கிட்டிருக்காரு" என்றார் டாக்டர். கைதட்டவும் ஆரம்பித்தார்.

நான் எழுந்தேன். என் பழைய தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்திருந்தேன். மேஜைக்குப் போய், மேஜைமேல் ஓங்கி வைத்தேன். கைதட்டல் நின்றது.

"நான் ஒத்துக்கல. நான் வேற ஒண்ணை ஒத்துக்கறேன்" என்றேன். "அருங்காட்சியகத்துல இருக்கறதுல ஒட்டு இல்ல."

யாருக்கும் புரியவில்லை.

"வாள் வெட்டு இல்ல, ரிவிட் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது முழுசா இருக்கு. ஒட்டு என்னோடது. பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை நான் தகட்டைக் கிழிச்சேன். காய்ச்ச வேண்டிய நேரத்துல காய்ச்சல. லாட்ஸியோ கடைசி நிமிஷத்துல கோல் போட்டான், கோபத்துல ஓங்கி அடிச்சேன், கிழிஞ்சிடுச்சு. அதை மூடத்தான் இந்த இலை. டிரில் வழுக்கினதுதான் இந்தக் கோணல். உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். பிள்ளைங்ககிட்டயும் சொன்னேன். நம்பலன்னா ரயிலேறிப் போய்ப் பாருங்க, வடக்கே மூணு மணி நேரம்."

பின்னால் எங்கேயோ ஒருத்தன் மூக்கால் சிரித்தான். பிறகு கொட்டகையே சிரித்தது. துய்லியோ கழுகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான். "டேய், வாள் வெட்டுன்னு சொல்லி அந்த ஒட்டுக்கு நான் முத்தம் கொடுத்திருக்கேன்டா!" என்றான். என் காது பழுத்துவிட்டது. இரும்பு பழுக்கிறபோது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் உள்ளிருந்து தெரிந்துகொண்டேன்.

டாக்டரும் சிரித்தார். சிரித்துத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தார். அப்போது ஒர்னெல்லா எழுந்தாள். படையணியின் பொருளாளர், தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாரையும் எரிச்சலாகப் பார்த்துப் பழகினவள். ஒரு புதுத் தலைக்கவசத்தைத் திருப்பி, மூன்றாவது ரிவிட்டின் மேல் விரலை வைத்தாள்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். லாட்ஸியோ கோல் போட்டது உங்க மைத்துனருக்குச் சரக்கு அனுப்பின தொழிற்சாலைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சிரிப்பு வெட்டினாற்போல நின்றது. நாற்பது பேரும் தலையிலிருந்ததைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். கன்னத் தகடுகள் கிலுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அது வந்து, ஒரு மாதிரிக்குக் காட்டினோம், அவ்வளவுதான்..." என்றார் டாக்டர்.

"படம் எடுக்கன்னு வாங்கினதையா?" என்றேன். "நாலு மாசம்?"

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் ஒர்னெல்லா. "மேஸ்திரிக்குக் குடுக்கணும்னு போன வருஷமே நீங்க என்கிட்ட கையெழுத்துப் போட்டு ரெண்டாயிரத்து இருநூறு வாங்கிட்டுப் போனீங்க. அவரும் வாங்கிட்டாருன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். இந்தப் பெட்டிங்களுக்கு முன்பணம் எங்கேயிருந்து போச்சு டாக்டர்?"

மைத்துனர் மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். மீன் விற்கிறவன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான். அவன் அகலம் கதவு அகலம்.

"நாளைக்கு பேங்க்ல போட்டுடறேன் மேஸ்திரி" என்றார் டாக்டர். "இதை இவ்வளவு பெருசாக்க வேண்டியதில்ல. நீங்களும்தானே பொய் சொன்னீங்க?"

"சொன்னேன். அதை நானே எழுந்து நின்னு சொன்னேன், சிரிச்சாங்க, வாங்கிக்கிட்டேன். உன்னோடதை வேற ஒருத்தி வந்து சொல்ல வேண்டியிருந்துச்சு" என்றேன். அதுவரை அவரை நான் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். "பேங்க் வேண்டாம். கையில. இப்ப. இங்க."

சாலை முனையில் பணம் எடுக்கிற இயந்திரம் இருந்தது. டாக்டர் சிவப்புச் சால்வையோடு நடந்தார். பக்கத்தில் துய்லியோ, முட்டிக்கு மேல் சட்டை, செருப்பு, கையில் கழுகுக் கொடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜனங்கள் நின்று படம் எடுத்தார்களாம். ஒரு அட்டைக்கு ஆயிரத்துக்கு மேல் வராது என்றது இயந்திரம். இரண்டாவது அட்டையும் போட வைத்தான் துய்லியோ. மிச்சம் இருநூறு மைத்துனரின் பையிலிருந்து வந்தது.

அவர்கள் போய் வருவதற்குள் எனக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது. நான் பிறந்த தெருவில், ரோமாவுக்காக மூன்று முறை பல் உடைந்த என்னை, இன்றைக்கு இந்தக் கொட்டகையில் 'லாட்ஸியோ' என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். நாற்பது தகரச் சட்டிகளையும் அவர்கள் திருப்பி அனுப்பவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தொண்ணூற்றைந்து யூரோ தொண்ணூற்றைந்து யூரோதான். மாட்டிக்கொண்டுதான் ஊர்வலம் போனார்கள், துய்லியோ உட்பட. இந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை, தீரவும் வேண்டாம். ஆனால் அன்றைக்கு மீன் விற்கிறவனும் மற்ற மூவரும் மேஜையிலிருந்து என் நான்கையும் எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கன்னத் தகட்டின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

டாக்டர் திரும்பி வந்து நோட்டுக் கட்டை மேஜைமேல் வைக்கப் போனார்.

"மேஜைக்கு நீ கடன்படல" என்றேன்.

வலது உள்ளங்கையை விரித்து நீட்டினேன். அறுபது வருஷம் சுத்தியல் பிடித்துக் காய்த்த கை, தீப்பொறி சுட்ட வடுக்கள், சரியாக மடங்காத சுண்டுவிரல். ஐம்பது யூரோ நோட்டுகள். அவர் ஒவ்வொன்றாக வைத்தார். நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். பத்தில் அவர் வேகமாக வைக்கப் பார்த்தார், நான் நிறுத்தி, முதலிலிருந்து எண்ண வைத்தேன். இருபதில் மைத்துனர் செருமினார். முப்பதுக்கு மேல் கொட்டகையில் எல்லாரும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. கடைசி நோட்டு அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. நான் கையை நகர்த்தவில்லை, அப்படியே விரித்து வைத்திருந்தேன். அவர் உதறி விடுவித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நாற்பத்துநான்கு.